ராணி நல்லாகிற வரைக்கும்

2024 ஏப்ரல் 17, புதன்

நான்காம் ஆண்டு வகுப்புக்கு இன்று உணவுச் சத்துகள் பாடம் தொடங்கினேன். கரும்பலகை போய் வெள்ளைப்பலகை வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, என் படம் மட்டும் மாறவில்லை. ஒரு வட்டம். அதில் கால் பங்கு சோறு, கால் பங்கு புரதம், அரைப் பங்கு காயும் பழமும். மாவுச்சத்து தெம்புக்கு. புரதம் உடம்பை வளர்க்க, பழுதுபார்க்க. சுண்ணாம்புச் சத்து எலும்புக்கு, இரும்புச் சத்து ரத்தத்துக்கு. வைட்டமின் ஏ கண்ணுக்கு, சி ஈறுக்கு, டி எலும்புக்கு. பி என்று எழுதி, பக்கத்தில் 'நரம்பு' என்று ஒரு வார்த்தை. இருபத்தெட்டு வருடமாக இதே வரிசைதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

வீட்டிலும் அதே வட்டம்தான். பாயம் கீரைப் பொரியல், பருப்பு, சோயாத் தெம்பே வறுவல், கையளவு சோறு. இவர் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் பரீட்சையா டீச்சர்?" என்றார். இனிப்பு நீர் வந்த நாளிலிருந்து இவருக்குச் சோறு போடுவது நான்தான். தாமே போட்டுக்கொள்ள விட்டால் வட்டம் முழுக்கச் சோறாகிவிடும்.

சாயங்காலம் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டி முடித்து வந்தவர் ஒரு காலில் மட்டும் சிலிப்பரோடு வீட்டுக்குள் நுழைந்தார். மற்றது கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் கிடந்தது. "இன்னொண்ணு எங்கங்க?" என்றதும் குனிந்து காலைப் பார்த்தார். "அட, கழண்டது தெரியலையேலா." சிரித்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் மனிதர் பாலர்பள்ளிக்குத் திரும்புகிறார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மறுபடியும் சிலிப்பர். வார் வைத்த செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "ஸ்கூல் புள்ள மாதிரி இருக்குலா" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டார்.

மே 7, செவ்வாய்

இவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக லீவு போட்டேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ரத்தமும் நன்றாக இருக்கிறதாம், சோகை இல்லை. என்ன சாப்பிடுகிறார் என்று தாதி மிஸ்ஸி கேட்டதற்கு, இவர் வாயைத் திறக்குமுன் நானே சொன்னேன்: கீரை தினமும், பருப்பு, சோயாத் தவ்வு, தெம்பே, எண்ணெய் அளவாக, தேத்தண்ணி பால் சர்க்கரை இல்லாமல். மிஸ்ஸி எழுதிக்கொண்டே, "எல்லாரு வூட்லயும் உங்கள மாதிரி ஒரு டீச்சர் இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது" என்றார்.

வரும் வழியெல்லாம் நான் கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தேன். கால் மரத்துப் போகிறது என்று இவர் அங்கே சொன்னாரா? சொன்னார். இனிப்பு நீர் இருப்பவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நானும் சேர்ந்து தலையாட்டினேன்.

ஜூன் 11, செவ்வாய்

இன்று இவர் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை. செனாய் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் இவருடைய பஸ், சிம்பாங் ரெங்கத்தில் ஹைவே ஏற வேண்டியது, நேராக மாச்சாப் பக்கம் போயிருக்கிறது. பின்னால் இருந்த பெண்கள், "அண்ணே, இன்னிக்கி பிக்னிக்கா?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்ததாம்.

நானும் சிரித்தேன். ஆனால் மகள் லோஷினி இந்த வெள்ளிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து வருகிறாளா என்று சாப்பிடும்போது கேட்டார். வருகிறாள் என்றேன். கை கழுவிவிட்டு வந்து மறுபடி கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். விளையாடவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

காலையில் தொழிற்சாலை வாசலில் காவலர் கொட்டகைத் தூணில் பஸ் மோதிவிட்டது. கொட்டகையில் காவலர் இல்லை, தேத்தண்ணி வாங்கப் போயிருந்தார். பஸ்ஸில் இருந்த ஒரு பெண்ணுக்கு நெற்றியில் லேசான வீக்கம். பள்ளிக்குப் போன் வந்தபோது நான் மூன்றாம் ஆண்டு வகுப்பில் இருந்தேன். எப்படிக் கார் ஓட்டிப் போனேன் என்று இப்போது நினைவில்லை.

இவர் நடைபாதைக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் வலது காலைக் கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல. "பிரேக்க மிதிச்சேன் ராணி. மிதிச்சேன்னுதான் நெனச்சேன். கால் எங்க இருக்குன்னே தெரியலலா."

இருபத்திரண்டு வருடமாக இந்தப் பஸ் ஓட்டுகிறார். ஒரு கீறல் கிடையாது.

ஜூலை 10, புதன்

பஸ் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். 

ஜூலை 16, செவ்வாய்

குளுவாங் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டருக்கு லோஷினியைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், மலாய்ப் பெண், மெல்லிய குரல். இரும்புக் கவை ஒன்றைத் தட்டி அதிரவைத்து இவர் பெருவிரலில் வைத்தார். "தெரியுதா?" தெரியவில்லை. கணுக்காலில் வைத்தார். தெரியவில்லை. முழங்காலில்தான் இவர் "ஆங்" என்றார். கண்ணை மூடி நிற்கச் சொன்னபோது இவர் ஒரு பக்கமாகச் சாய, டாக்டரும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்தோம். இன்று என்ன கிழமை என்று கேட்டதற்கு என்னைப் பார்த்தார். நான் சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். வழக்கம்போல நான் ஆரம்பித்தேன், கீரை, பருப்பு, தெம்பே. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மீன், கோழி, முட்டை எவ்வளவு என்றார். சாப்பிடுவதில்லை என்றேன். பால்? இல்லை. தயிர்? சளி பிடிக்கும், சேராது. மீன், கோழி விட்டு எவ்வளவு காலம்?

"எட்டு வருசம்" என்றார் இவர், மலாயில், ரொம்பத் தெளிவாக. அன்று அவர் தடுமாறாமல் சொன்ன ஒரே பதில் அதுதான்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

பி12. இருக்க வேண்டியதில் கால்வாசிகூட இல்லை.

டாக்டர் படம் வரைந்து விளக்கினார், நான் வகுப்பில் வரைவது போலவே. நரம்புக்கு மேலே ஓர் உறை இருக்கிறது, மின்கம்பிக்கு மேலே இருக்கிற ரப்பர் மாதிரி. அந்த உறை கெடாமல் இருக்க பி12 வேண்டும். ரத்தம் ஊறவும் வேண்டும். இறைச்சி, ஈரல், மீன், முட்டை, பால் இவற்றில்தான் அது இருக்கிறது. செடிகொடியில் நம்பி இருக்கும் அளவுக்குக் கிடையாது. கல்லீரல் சில வருடத்துக்குச் சேர்த்து வைத்திருக்கும், அதனால் குறைவது உடனே தெரியாது. இனிப்பு நீர் மாத்திரையும் அதை உடம்பில் சேரவிடாமல் கொஞ்சம் தடுக்கும்.

அப்படியானால் ரத்தம் ஏன் நன்றாக இருந்தது என்று கேட்டேன். எனக்கு இன்னும் வாதாட ஆசை. கீரை, பருப்பில் இருக்கும் ஃபோலேட் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டது, அதனால் சோகை வெளியே தெரியவில்லை, நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போனது என்றார்.

என் கீரை. நான் ஆய்ந்து, கழுவி, அளவாக எண்ணெய் விட்டு வதக்கிய கீரைதான் அதை மறைத்திருக்கிறது.

கெட்டது எவ்வளவு திரும்பும் என்று கேட்டேன். ஊசி போட்டால் கொஞ்சம் திரும்பும், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது, சீக்கிரம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். எது சீக்கிரம்? ஏப்ரலா? சிலிப்பர் ரோட்டில் கிடந்த அன்றா? நான் சிரிச்சேனே.

ஜூலை 24, புதன்

பாலை நிறுத்தியது நான். 2019இல் இனிப்பு நீர் என்று தெரிந்ததும், டின் பால் போட்ட தேத்தண்ணியை நிறுத்தினேன். சர்க்கரைக்காக அது சரிதான். ஆனால் அதற்குப் பதிலாக ஒரு கிளாஸ் வெறும் பாலாவது கொடுத்திருக்கலாமே? தோன்றவில்லை. பாலர்பள்ளிப் பிள்ளைக்குக்கூடப் பாலின் அருமையைச் சொல்லிக் கொடுக்கிறவள் நான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

முதல் வாரம் தினமும் ஊசி, இப்போது வாரம் ஒன்று. மருந்து சிவப்பாக, ரோஸ் சர்பத் நிறத்தில் இருக்கிறது. ஊசி போடுமுன் இவர் டாக்டரிடம் கேட்டார்: "இது மாட்டுலேருந்து எடுக்குறதா?" டாக்டர் சிரித்து, இல்லை, நுண்ணுயிர்களை வளர்த்து அதிலிருந்து எடுப்பது என்றார். இவர் யோசித்தார். "அப்ப பரவால்ல" என்று சட்டைக் கையைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அதற்குக்கூட அனுமதி கேட்கிறார். யாருக்குக் கொடுத்த வார்த்தைக்காகக் கேட்கிறார் என்று டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

குளியலறையிலிருந்து கூப்பிட்டார். விழுந்துவிட்டார் என்று ஓடினேன். ஈரத் தரையில் நின்றுகொண்டு, "ராணி, தரை ஜில்லுன்னு இருக்கு" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். ஆமாம், ஜில்லென்றுதான் இருந்தது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

லோஷினி வந்திருக்கிறாள். ஒரு மூட்டை படித்துவிட்டு வந்திருக்கிறாள், அது என் ரத்தம். மதியம் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தாள்.

"ஊசி மட்டும் போதாதுப்பா. ஒரு முட்டையாவது சாப்பிடுங்க. ஒரே ஒரு முட்டை."

"ஊசியே போதும்னு டாக்டர் சொல்லிட்டாங்கலா."

"சரி, போதும். ஆனா ஏன் சாப்பிடக் கூடாது? அம்மா நல்லாயி எத்தனையோ வருசம் ஆச்சு. வேண்டுதல் முடிஞ்சு போச்சுப்பா."

இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அத அம்மா சொல்லணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ரசத்தைச் சுட வைக்கிறேன் என்று எழுந்து போனேன். ரசம் சூடாகத்தான் இருந்தது.

அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எழுத வேண்டும் — இன்று முடியாது.

செப்டம்பர் 16, திங்கள். மலேசியா தினம், விடுமுறை

எழுதிவிடுகிறேன்.

2016 மே மாதம் என் இடது மார்பில் கட்டி. ஜொகூர் பாருவில் அறுவை, பிறகு கீமோ. முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் இறங்காமல் கிடந்தேன். லோஷினிக்குப் பதினைந்து வயது. அப்போது ஒருநாள் இவர் கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னார்: "முருகன்கிட்ட சொல்லிட்டேன். ராணி நல்லாகிற வரைக்கும் கவிச்சி தொட மாட்டேன்னு." மீன் தலை இல்லாமல் சோறு இறங்காத மனிதர். எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. "ஒரு மாசம் தாங்குவீங்களா?" என்றேன்.

தாங்கினார். அது மட்டும் இல்லை. காயம் ஆற வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் விரால் மீன் வாங்கி வந்து, அவரே செதில் எடுத்து, அவரே இஞ்சி தட்டிப் போட்டு சூப் வைத்துக் கொடுப்பார். உப்பு சரியா என்று ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். "உப்பு பாத்துச் சொல்லு ராணி" என்று கரண்டியை என்னிடம் நீட்டுவார். அந்தச் சூப்பில் நான் எழுந்து உட்கார்ந்தேன்.

2021 ஆகஸ்ட். ஐந்து வருடம் முடிந்தது, ஒன்றும் இல்லை, இனி வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார் பெரிய டாக்டர். கார் நிறுத்துமிடத்தில் இவர் காரைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் சின்னப் பையன் மாதிரி கேட்டார்: "அப்ப நல்லாயிட்டேலா. போற வழியில ரெண்டு கெம்போங் மீன் வாங்கிக்கலாமா? வறுத்துக் குடேன்."

நான் வேண்டாம் என்றேன்.

"இன்னும் ஒரு வருசம் இருங்களேன். எனக்குப் பயமா இருக்கு" என்றேன். இவர் காரைக் கிளப்பினார். மீன் பாசாரைத் தாண்டும்போது அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

2022இலும் கேட்டார். அதே பதில். 2023இல் கேட்கவில்லை.

நான் அறிவியல் ஆசிரியை. இவர் மீன் தின்றால் என் மார்பில் கட்டி வரும் என்று எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? தெரியும். தெரிந்தும் பயந்தேன். இவர் வாயைக் கட்டி என் உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நாளும் நான் மட்டும் பள்ளிக் கேண்டீனில் மீன் சாப்பிட்டேன். புரதம் வேணும்ல எனக்கு!

என்ன மனுசி நான்.

செப்டம்பர் 17, செவ்வாய்

இவரிடம் சொல்லிவிட வேண்டும். வேண்டுதல் 2021இலேயே முடிந்தது, முடிய விடாமல் பிடித்து வைத்தது நான், என்னை மன்னித்துவிடுங்கள் என்று. இன்னும் கொஞ்சம் தேறட்டும். தெளிவாக இருக்கும் ஒரு நாளில் சொல்கிறேன்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

முறுக்கு, நெய் உருண்டை, எல்லாம் கடையில் வாங்கியது. இவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, வந்தவர்களை எல்லாம் "வாங்க வாங்க" என்று சிரித்தபடி வரவேற்றார். எல்லாருக்கும் ஒரே அளவு சிரிப்பு. பாதிப் பேரை யாரென்று தெரியவில்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. லோஷினியைச் 'சந்திரமதி' என்று கூப்பிட்டார், அது இவர் தங்கை பெயர், இறந்து பத்து வருடம் ஆகிறது. லோஷினி "என்னண்ணே?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்கு வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

கால் தேறிவிட்டது, ஒரு கைத்தடியோடு வாசல்வரை போய் வருகிறார். போன வாரம் தலைக்கு எடுத்த ஸ்கேனில் இன்னொன்றும் தெரிந்தது. இனிப்பு நீரால் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன, அதற்கு ஊசி கிடையாது. இரண்டும் சேர்ந்துகொண்டன என்றார் டாக்டர். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாதாம்.

எனக்கும் முடியவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

நான்காம் ஆண்டு வகுப்பில் மீள்பார்வை. அதே வட்டம் வரைந்தேன். வைட்டமின் பி என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அழித்துவிட்டு, பி1, பி2 என்று வரிசையாக எழுதி, பி12 என்று வந்ததும், பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்: முட்டை, பால், மீன், இறைச்சி. நரம்பின் உறைக்கு. நினைவுக்கு. காலுக்கு. பலகையில் இடம் போதவில்லை.

"டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?" என்று ஒருத்தி கேட்டாள். வராது என்றேன். ஆனாலும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். வீட்டில் சைவமாக இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டு, பால் தினமும் குடிக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். பக்கத்து வகுப்பு பிரவீனா டீச்சர் எட்டிப் பார்த்தாள். என் குரல் அவ்வளவு உயர்ந்திருக்கிறது.

டிசம்பர் 13, வெள்ளி

சொல்லவில்லை. போன வாரம் ஒரு நல்ல நாள் இருந்தது, இவரே செய்தித்தாளை எடுத்துப் படித்தார். அப்போதும் சொல்லவில்லை. நல்ல நாளைக் கெடுப்பானேன் என்று. கெட்ட நாளில் சொல்லிப் பயன் இல்லை. இப்படியே கோழையாக இருந்துவிடுவேனோ?

2025 ஜனவரி 8, புதன்

சொன்னேன்.

பள்ளிக்கு லீவு போட்டிருந்தேன். பத்து மணி தேத்தண்ணி, இப்போது பால் விட்டதுதான். எதிரில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். முழுவதையும் சொன்னேன். பெரிய டாக்டர் சொன்னது, கார், கெம்போங் மீன், நான் வேண்டாம் என்றது, மறுவருடமும் வேண்டாம் என்றது. "உங்க வேண்டுதல் அன்னிக்கே முடிஞ்சிருச்சுங்க. நான்தான் முடிய விடல. என் பயத்துக்கு உங்கள காவு குடுத்துட்டேன்" என்றேன். அழுகையில் பாதி வெளியே வரவில்லை.

கவனமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் என் கண்ணைத் தன் துண்டால் துடைத்தார்.

"எந்த வேண்டுதல்?" என்றார்.

பிறகு, "அழாதலா. யாரு உன்ன திட்டுனா? சொல்லு, நான் போயிக் கேக்குறேன்" என்றார்.

நான்கு மாதம் முன்னால் சொல்லியிருக்கலாம். நான்கு வருடம் முன்னால் ரெண்டு மீன் வறுத்துக் கொடுத்திருக்கலாம். இப்போ யாருகிட்டப் போயிக் கேக்குறது மன்னிப்பு?

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம்

இவரைப் பார்த்துக்கொள்ள லோஷினி இருந்தாள், நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். பால்குடங்கள் போய்க்கொண்டே இருந்தன. அவ்வளவு பால்.

சந்நிதியில் நின்றேன். எனக்காக எதுவும் கேட்கவில்லை. வேண்டிக்கொண்டது அவர், இழுத்தடித்தது நான், அவர்மேல் எந்தக் குறையும் வைத்துக்கொள்ளாதே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 12, புதன்

முன்கூட்டியே ஓய்வு பெற எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரவீனா டீச்சர், "நீங்க இல்லாம அறிவியல் யாரு எடுப்பா?" என்றாள். "என்னைவிட நல்லா எடுக்கிறவங்க வருவாங்க" என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 26, சனி

காலையில் லோஷினியோடு பாசாருக்குப் போனேன். மீன்காரர் கெம்போங்கின் செவுளைத் தூக்கிக் காட்டினார், சிவப்பாக இருந்தது. நான்கு வாங்கினேன். இந்த வீட்டு அடுக்களையில் மீன் கழுவி எத்தனையோ வருடம். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு தடவி ஊற வைத்தேன். ஊசியே போதும், மீன் மருந்துக்குத் தேவையில்லை, எனக்குத் தெரியும். நான் மருந்துக்காகச் செய்யவில்லை.

மதியம் தட்டைப் போட்டேன். வட்டம் கிட்டம் ஒன்றும் பார்க்கவில்லை. சோறு, ரசம், நல்ல பெரிய மீனாக ஒன்று. மணத்துக்கே மேசையில் வந்து உட்கார்ந்திருந்தார். ஆசையாகக் கையை நீட்டினார். மீனைத் தொடுமுன் கை நின்றுவிட்டது.

"வேணாம்லா" என்றார்.

"ஏங்க? சாப்பிடுங்க, உங்களுக்குப் பிடிக்கும்ல."

"பிடிக்கும். ஆனா நான் இதச் சாப்பிடக் கூடாது." நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "நான் சாப்பிட்டா ஒருத்தவங்களுக்கு ஆகாது. யாருக்குன்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது."

லோஷினி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.  எல்லாம் போன பிறகும் இது போகவில்லை. என் முகம் போனது, பெயர் சில நாள் போகிறது, இது மட்டும் உள்ளே எங்கேயோ உட்கார்ந்து கையைத் தடுக்கிறது.

"ஒரு பொம்பள" என்றார் மெதுவாக. "ரொம்ப முடியாம ஆஸ்பத்திரியில இருக்காங்க. பாவம், ஸ்கூல் போற பொண்ணு வேற இருக்கு அவங்களுக்கு. அவங்க நல்லாகிற வரைக்கும் நான் தொட மாட்டேன்." பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: "உங்களுக்குத் தெரியுமா? அவங்க நல்லாயிட்டாங்களா?"

என்னை 'நீங்க' என்றார்.

அன்று காரில் கேட்ட அதே கேள்வி. நான் எதிர்பார்க்கவே இல்லை, இன்னொரு தரம் என்னிடம் அது கேட்கப்படும் என்று.

"நல்லாயிட்டாங்க" என்றேன். "ரொம்ப நாளைக்கு முன்னாடியே நல்லாயிட்டாங்க. உங்ககிட்டச் சொல்லாம இருந்துட்டாங்க. தப்புதான். இப்பச் சொல்லச் சொன்னாங்க. நீங்க சாப்பிடணுமாம்."

"நெசமாவா?"

"நெசமா."

"அப்பாடா" என்றார். தோள் இரண்டும் இறங்கின. எவ்வளவு நாளாக அதைச் சுமந்துகொண்டிருந்தாரோ. மீனைப் பிட்டு, முள்ளைப் பார்த்து எடுத்து ஓரமாக வைத்தார், விரல்களுக்கு அது மறக்கவில்லை. வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"சரியா இருக்கு" என்றார். இரண்டாவது மீனையும் எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.